அகலத் திரையில் மாமனார்

சத்தியமாக இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் வாய்ப்பேச்சை நம்ப வேண்டியதும் இல்லை. நடந்ததெல்லாம் வீடியோ கேசட்டில் அப்படியே இருக்கிறது, போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் புது வீடியோ கேமராவை மாமனார் வீட்டு டிவியோடு ஒயரால் இணைத்துவிட்டு நிமிர்ந்தபோது, திரையில் மாமியாரும் சோபாவும் போட்டி போட்டுக்கொண்டு அகலமாகியிருந்தார்கள்.

"நான் இப்படியா இருக்கேன்?" என்றார் மாமியார்.

எல்லோரும் திரையையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

மாமனார் தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெறுகிறார். வேலைக்காலம் முழுவதும் மேலதிகாரிகள் பேசக் கேட்டே காது புளித்தவருக்கு, பிரிவு உபசார விழாவில் தானே மேடையில் பேச ஒரே ஒரு சாயங்காலம் கிடைத்திருந்தது. வீடியோவுக்கு வெளியாளைக் கூப்பிட இருந்தவரை, "நான் இருக்கேன் மாமா" என்று தடுத்தவர் கடைக்காரர். முன்பொரு தடவை அவர் குழாயைச் சரிசெய்யப் போய் மாமனார் வீட்டுக் குளியலறை இன்னும் பூட்டியே கிடக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரை ஓர் ஆணிகூட அடிக்க விடுவதில்லை.

"இதையும் சொதப்பினீங்கன்னா, இனிமே எங்க அம்மா வீட்டுக்கு நான் தனியாத்தான் போகணும்" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

கேமரா எடுப்பது சதுரப் படம். டிவியோ புதுசு, அகலத் திரை. சதுரத்தைப் பிடித்து இழுத்து மூலைவரை நிரப்பியது. கடைக்காரர் தேடிப்பிடித்து 'வைட்' பொத்தானை அழுத்தினார். மாமியார் சட்டென்று இளைத்தார். ஆனால் அந்தக் கேமரா அகலப்படுத்துவது என்றால் மேலேயும் கீழேயும் வெட்டுவது. ஒத்திகைக்கு நின்ற மாமனாருக்குத் தலை போய்விட்டது.

"பேச்சு கேக்குதில்ல மாப்பிள்ளை? தலை இல்லாட்டி என்ன?" என்றார் மாமனார், பெருந்தன்மையாக.

மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் கேமராவோடு பின்னால் நகர்ந்தார். கூடம் தீர்ந்து சமையலறை வந்தது. ஒயருக்கு ஒயர் ஒட்டுப்போட்டு, சமையலறையும் தீர்ந்து கொல்லைப்புறம் வந்தது. மாமனாருக்குத் தலை திரும்பக் கிடைத்தது, கடுகளவில்.

கடைக்காரர் கூடத்துக்கே திரும்பி, தலை திரைக்குள் அடங்கும்படி முட்டியை மடக்கி நின்று பேசிப் பார்க்கச் சொன்னார். மாமனார் மடக்கினார். மடக்கியது மடக்கியதுதான். அந்த நிலையிலேயே தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டார்கள்.

மறுபடி சதுரத்துக்கே வந்தார்கள். இந்தத் தடவை மாமியார் தீர்ப்புச் சொன்னார். "மெஷினு மாறாதுன்னா, நாம மாறிக்க வேண்டியதுதான்."

சாப்பாடு பாதியானது, பிறகு அந்தப் பாதியும் பாதியானது. தினமும் சாயங்காலம் எல்லோரும் கேமராவுக்கு முன்னால் நின்று, டிவியைப் பார்த்து, பெருமூச்சு விட்டுக் கலைந்தார்கள். மாமனாரின் பெல்ட் அவரை இரண்டு சுற்றுச் சுற்றியது. மாமியாரின் வளையல் தோள்வரை ஏறியது. மேடையில் பேசப்போகாத பூனைகூட இளைத்தது. பக்கத்து வீட்டார் பழம் வாங்கிவந்து, தாழ்ந்த குரலில் எந்த டாக்டர் என்று விசாரித்தார்கள்.

ஒருநாள் திரையில் எல்லோரும் அச்சு அசலாகப் பழைய அளவில் தெரிந்தார்கள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து முதன்முதலாக மாமனார், "சாப்பிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றார். வீட்டில் சாப்பிட ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

விழாவில் மாமனார் பேசினார். மின்விசிறிக் காற்றில் ஆள் ஆடினாலும் குரல் ஆடவில்லை. தபால்காரர்கள் விசும்பினார்கள். மேலதிகாரி எழுந்து வந்து பொதுவாக எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டார். கடைக்காரர் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவே இல்லை.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். கடைக்காரர் ஒயரை மாட்டி, பொத்தானை அழுத்தினார். திரை நீலமாக நின்றது. மறுபடி அழுத்தினார். அதே நீலம்.

"மாப்பிள்ளை?" என்றார் மாமனார், மெதுவாக.

மாடிவீட்டு எலக்ட்ரீஷியன் கேமராவை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பக்கவாட்டு மூடியை நகத்தால் நெம்பினார். ஏதோ கிழிந்த சத்தம் கேட்டது.

"கம்பெனிக்காரன் ஒட்டின காகிதத்தையே நான் இப்பத்தான் கிழிக்கிறேன்ணே," என்றார் அவர். "வாங்கின நாள்லேருந்து இதுல கேசட்டே போட்டதில்ல."