தொட்டிக்குள் லயித்த சுவாமி

மாப்பிள்ளையூரணியில் ஆழிநாத சுவாமி தண்ணீருக்குள் அரை மணி நேரம் தியானம் செய்கிறார் என்று வாட்ஸ்அப் சொன்னது. வாட்ஸ்அப் சொன்னால் யார் மறுப்பது? ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகநேரியிலிருந்துகூட வேன் பிடித்து வந்துவிட்டார்கள்.

பந்தலுக்குள் ஒரு சிமெண்ட் தொட்டி. இடுப்பளவு தண்ணீர், மேலெல்லாம் தாமரை இலை. இறங்குமுன் சுவாமி அருளினார்.

"லயிப்பு என்ற சொல்லின் மூலம் அறிவீர்களா? 'லய்' என்றால் நீர். 'இப்பு' என்றால் மூச்சற்ற நிலை. நீருக்குள் மூச்சைத் துறந்தவனே லயித்தவன். இந்த நீரைப் பருகுங்கள். மருந்தே வேண்டாம்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எந்த அகராதியில் அப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. சுவாமி மூழ்கினார். பந்தலுக்குப் பின்னாலிருந்து 'ம்ம்ம்' என்று ஓங்காரம் எழுந்தது.

மளிகைக்கடை சீனித்தாய் பத்து நாளாகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தத் தண்ணீரைத்தான் குடித்துவந்தாள். கால் புண் ஆறவில்லை. அன்று பக்கத்து வீட்டுத் தமிழ் டீச்சர் ஹில்டாவைத் துணைக்குக் கூட்டிவந்திருந்தாள்.

"அக்கா, லயம்ங்கிறது வடமொழிச் சொல்லு. ஒண்ணுல கரைஞ்சுபோறதுன்னு அர்த்தம். உப்பு தண்ணில கரையுதுல்லா, அப்படி மனசு கரைஞ்சா லயிப்பு. மூச்ச அடக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சாமிக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்? சும்மா இரு ஏளா."

"கடல்ல முங்கிச் சங்கு குளிக்கிற எங்க வீட்டுக்காரருக்கே ரெண்டு நிமிஷந்தான் மூச்சு தாங்கும். அதுக்கு மேலன்னா கம்ப்ரஸர் வச்சுக் குழாய்ல காத்து விடணும். அந்தச் சத்தமும் இந்த ஓங்காரமும் ஒண்ணாவுல்லா இருக்கு."

ஹில்டா எழுந்து பந்தலுக்குப் பின்னால் போனாள். சீனித்தாய் பதறி, நொண்டியபடி தொடர்ந்தாள். அங்கே ஓலைத் தட்டி மறைவில் ஒரு சின்னக் கம்ப்ரஸர். அதிலிருந்து ரப்பர் குழாய் தொட்டிக்குள் ஓடியது. காவலுக்கு நின்ற சீடர் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வளாகத்தில் உண்மையாக லயித்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஹில்டா சுவிட்சை அணைத்தாள். ஓங்காரம் நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தலையில் தாமரை இலையும் கையில் குழாயுமாகச் சுவாமி இருமிக்கொண்டே எழுந்தார்.

"ஏலே இசக்கிராஜா, மோட்டர எவம்லே அமத்துனது?"

செந்தமிழ் தண்ணீரோடு போயிற்று. சீனித்தாய் தொட்டி அருகே வந்தாள்.

"ஒமக்கே மூச்சு கரண்டுலதான் வருதா? ஒம்ம பேச்சக் கேட்டு மாத்திரைய நிறுத்துனேனே. காலு போயிருந்தா நீரா தருவீரு?"

சுவாமி ஈர வேட்டியோடு வேலி தாண்டினார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சீனித்தாய்க்குச் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மாத்திரையை விழுங்கினாள்.

பந்தலில் மீதிக் கூட்டம் கம்ப்ரஸருக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தது. அய்யா, கும்பிடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கை இரண்டும் மேலே போகிற நேரத்தில் மூளைக்கு மட்டும் ஏன் லீவு கொடுக்கிறீர்கள்?