மாம்பூக் கேள்வி மூடப்பட்டது

தங்கதுரை போட்ட கேள்வியை, அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் மூடிவிட்டார்கள். 'விவரம் போதாது.'

ஆத்திரமாக வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? உழவர்களின் அந்தக் கேள்வி-பதில் தளத்தில் கேள்விகளை மூடும் சட்டத்தை எழுதியதே அவர்தான். எந்தக் கேள்வி நிற்கலாம், எது மூடவேண்டும் என்று தீர்மானிக்கும் மூத்த மட்டுறுத்துநர். முதலமடையில் உட்கார்ந்தபடியே ஊர் உலகத்து விவசாயிகளின் வாயையெல்லாம் அடைத்தவர். அப்பேர்ப்பட்டவரின் தோப்பில் மாம்பூ கருகி உதிர்கிறது என்று வெளியே தெரிந்தால் மானம் போகும். பூ போனாலோ இந்த வருஷக் காய்ப்பே போய்விடும். அதனால் நாச்சிமுத்து என்ற பொய்ப்பெயரில் கேட்டிருந்தார்.

மண், மழை, மரத்தின் வயது எல்லாம் சேர்த்து மறுபடி போட்டார். 'மிக நீளம்.' எந்த மருந்து நல்லது என்று மட்டும் சுருக்கிக் கேட்டார். 'தனிப்பட்ட கருத்தைக் கேட்கிறது.' மூடியவர்கள் தளத்தில் அவரே பழக்கிவிட்ட பிள்ளைகள். வேலை சுத்தமாக இருந்தது.

மனைவி செல்லாத்தாள் சோறு போட்டபடி, "ஏனுங்க, நம்ம தோப்புல பூவு..." என்று ஆரம்பித்தாள்.

"கேக்கறயா, சொல்றயா? கேள்வின்னா கேள்வியாக் கேளு."

வீட்டிலும் அவர் மட்டுறுத்துநர்தான். அவள் ரசத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் கெஞ்சாத குறையாக இன்னொரு முறை கேட்டார். 'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று ஓர் இணைப்பைக் கொடுத்து மூடினார்கள். ஆவலோடு அதைத் திறந்தார். போன வருஷம் பக்கத்துத் தோப்புக் குப்பண்ணன் கேட்டது, இதே கருகல். பதில் ஒன்றுகூட இல்லை. 'தெளிவில்லை. மூடியவர்: தங்கதுரை.'

வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். குப்பண்ணனின் மரங்களில் பிஞ்சு குலுங்கிக்கொண்டிருந்தது. மானத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அந்த வீட்டுக்கு நடந்தார்.

குப்பண்ணன் சந்தைக்குப் போயிருந்தான். அவன் மனைவி ராமாத்தாள் நாற்காலி போட்டாள். வேறு யாருக்காகவோ கேட்பவர்போல, போன வருஷக் கருகலுக்கு என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார்.

"கம்ப்யூட்டர்ல கேட்டாருங்க மாமா. ஆரோ மூடிப்போட்டாங்களாமா. அப்பறம் உங்க ஊட்டுக்குத்தான் வந்து கேட்டாரு."

"எங்க ஊட்டுலயா? ஆரு மருந்து சொன்னது?"

"செல்லாத்தாக்காதானுங்க. நேத்துக்கூடச் சொன்னாங்க, நீங்க கேள்வியாக் கேக்கற வரைக்கும் பதிலை மூடி வெச்சிருக்கறாங்களாமா."