தலைக்கு மேலே சுற்றிய கை

பிள்ளை உயர்ந்துவிட்டால் தாய்க்கு வாய் சும்மா கிடக்காது, கூச்சக்காரியானாலும். என் மகள் தர்சினி கொம்பியூட்டர் கொம்பனியில் மனேஜரான செய்தியை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, மீன்காரர், மரக்கறிக்காரர், மேல்வீட்டுச் சரோஜா தவிர. (கேட்டால்தான் சொன்னேன். கேட்கும்வரை நின்றேன்.)

ஆனால் பதவி வந்த நாளிலிருந்து பிள்ளை வாடினாள். சோறு ஆறிக் கிடக்கும். அவள் மற்றவர்களின் வேலையையும் தானே செய்துகொண்டிருப்பாள்.

“உனக்குக் கீழ ஆக்கள் இல்லையோ பிள்ளை?”

“இருக்கினம் அம்மா. போன மாதம் வரைக்கும் ஒண்டாச் சோறு திண்டவங்களை எப்பிடி ஏவுறது? எனக்குக் கீழ இருக்கிற கசுன் நல்லாச் செய்வான், எண்டாலும் நான் திரும்பச் செய்யாட்டி நித்திரை வராது. இண்டைக்கு வீட்டில இருந்தே வெளிநாட்டுக்காரரோட வீடியோ மீட்டிங். வேலை முடியேல்லை, இன்னும் நாள் தாங்கோ எண்டு நான்தான் கேக்கோணும். தராட்டி என்ர பேர் போச்சு.”

எனக்கு விளங்கிவிட்டது. நாவூறு! கண் பட்டுவிட்டது. கொழும்பில் நாங்கள் இருக்கிற இந்த வெள்ளவத்தை முழுக்க என் பிள்ளையைப் பார்த்து எரிகிறது.

உப்பு, கடுகு, செத்தல் மிளகாய் எடுத்தேன். முச்சந்தி மண் வேண்டும். இங்கே முச்சந்திக்கெல்லாம் தார் போட்டுவிட்டார்கள். பூச்சாடி மண்ணோடு சமாளித்தேன். சிரட்டை தணலாகப் பிந்தியதால் மீட்டிங் தொடங்கிவிட்டது. கமராவில் விழ எனக்குக் கூச்சம். தவழ்ந்து போய், கதிரைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, எல்லாவற்றையும் பொத்திப் பிடித்த கையை மட்டும் உயர்த்தி அவள் தலையைச் சுற்றினேன். (கடல் கடந்தவர்களுக்குத் தெரிந்தது, வளையல் போட்ட ஒரு முட்டிக்கை மனேஜரின் தலைக்கு மேலே வட்டமிட்டது மட்டும்தானாம்.)

பிறகு எல்லாவற்றையும் தணலில் போட்டேன்.

ஐயோ, அந்த நெடி! தர்சினி இருமினாள், நான் இருமினேன், தொடர்மாடியின் தீ மணியும் அலறத் தொடங்கியது. “கசுன்... நீ... நீயே கதை!” என்று கத்திவிட்டு, தணலில் தண்ணீரை ஊற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு படியிறங்கினாள் மகள்.

கீழே ஒழுங்கை நிறையச் சனம். நைட்டியோடு நின்ற சரோஜா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “நாவூறு கழிச்சனீங்களோ அக்கா?”

“ஓம்.”

“நாவூறு இருந்தா மிளகாய் மணக்காதே! இந்த நெடிக்கு, உங்கட பிள்ளையைப் பாத்து ஒருத்தரும் பொறாமைப்படேல்லை!”

தீ பிடித்திருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

அப்போது மகளின் போன் அடித்தது. கசுன். என்ன வேலை கிடக்கிறது, எப்போது முடியும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னானாம். கேட்ட நாளைத் தந்துவிட்டார்களாம். கடைசியில் சிங்களத்தில் கேட்டான்: “அக்கே, அது ஆரின்ர கை?”

தர்சினி சிரிக்கவும் முடியாமல் இருமவும் முடியாமல் மதிலோடு சாய்ந்தாள். “இவ்வளவு நாளும் நான் அவனை வாயே திறக்க விடேல்லை அம்மா.”

இப்போது அவளுக்குக் கீழே புது மனேஜர்களே இருக்கிறார்கள். அதில் யாராவது அடுத்தவர் வேலையைப் பிடுங்கினால், மீட்டிங்கில் இருக்கிற எல்லோரும் ஒன்றும் பேசாமல் கையை முட்டியாக்கித் தலைக்கு மேலே சுற்றுவார்களாம். பிடுங்கியவர் உடனே விட்டுவிடுவாராம். இதை ஆர் தொடங்கியது என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்குத் தெரியாதாம்.

நான் கூச்சக்காரிதான். ஆனாலும் எழுதி வைக்கிறேன்: அது என் கை.