அஞ்சு நிமிஷமும் அலகில்லாத அன்னமும்

பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில் எந்தப் பொருளும் நிம்மதியாகச் செத்ததில்லை. பல்பு பியூஸ் போனால் அதன் ஆயுள் முடிந்தது என்றுதான் மற்ற இடங்களில் நினைப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு அன்றுதான் உத்தியோகம் ஆரம்பமாகும். வயிற்றில் தண்ணீர் ஊற்றி, கழுத்தில் சணல் கட்டி, வாயில் ஒரு கொடியைச் செருகி, யாராவது ஒருவர் தலையில் இடிக்கும் உயரத்தில் தொங்கவிட்டிருப்பார் அஞ்சு நிமிஷம்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் பயன்படாமல் வீணாகப் போன ஒரே பொருள் அதுதான்.

அவர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டைம் கீப்பர். வேலூர் வண்டி எப்போது வரும் என்று யார் கேட்டாலும் "அஞ்சு நிமிஷம்" என்பார். வீட்டுக்கு வந்து பசைக் கிண்ணத்தை எடுத்தாலும் அதே பேச்சுதான். "அஞ்சு நிமிஷ வேல சார். செலவே கெடையாது." இரண்டு இடத்திலும் அவர் சொன்னபடி நடந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த வீட்டில் ஏழு குடித்தனம், ஒரு அடிபம்பு, முப்பத்தொரு பேர். நான் எண்ணியிருக்கிறேன். எதையும் எண்ணிவிடுவது என் சுபாவம். அதனால் எனக்கு மன அமைதி கிடைத்தது என்று சொல்ல முடியாது. அப்போது நான் ஓர் அரசாங்க ஆபீசில் கிளார்க். வீட்டில் எல்லோரும் என்னைக் கணக்கு சார் என்று கூப்பிட்டார்கள். அது மரியாதையா கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

உடைந்த வளையல் துண்டுகள் அவர் கையில் வாசல் திரையாகும். கிழித்த பஸ் டிக்கெட்டுகள் சாமி படத்துக்கு மாலையாகும். பல்பொடி டப்பா உப்பு டப்பாவாக மாறிய மாதம் எங்கள் வீட்டு ரசத்தில் ஒரு வித குளிர்ச்சி இருந்தது. ஏழு பால் பவுடர் டின்களை வட்டமாகச் சேர்த்து, மேலே சாக்கை ஒட்டி, எனக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார். என்னைப் பார்க்க வந்த சூப்பிரண்டு அதன்மேல் உட்கார்ந்தார். டின்கள் ஏழும் ஏழு திசையில் உருண்டன. ஆறைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த ஆண்டு எனக்கு வரவேண்டிய பதவி உயர்வையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

காரணம் பசை. மைதா மாவைக் காய்ச்சி ஒட்டுவார். கரப்பான் பூச்சிக்கு அது விருந்து. நாலு ஆணி அடித்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"வெட்டறது, ஆணி அடிக்கறதெல்லாம் ஆசாரி வேல சார். நாம ஒட்டறதோட சரி. நாளைக்கே அதுக்கு வேற வேல வந்துட்டா? ஓட்டயோட எப்பிடிப் போவும்?"

பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ராஜம்மா அக்கா நிமிரவில்லை. "இவரு கைல எது கெடச்சாலும் வேற ஒண்ணா மாறிடுது சார். பதினாறு வருசமா நான் ஒருத்திதான் மாறாம இருக்கறேன்."

எங்கள் பக்கத்துப் போர்ஷனில் கோவிந்தன் தறி போட்டிருந்தார். தறியின் தலைமேல் ஒரு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட நீள அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு மாலைபோலச் சுற்றி வரும். எந்த அட்டையில் எங்கே துளை இருக்கிறதோ அதன்படி இழைகள் மேலே தூக்கப்பட்டு, சேலைக் கரையில் பூவோ மயிலோ விழும். டிசைன் பழசாகிப் போனால் அட்டைகளைப் பம்படிச் சுவர் மாடத்தில் போட்டுவிடுவார். அவை எல்லாம் அஞ்சு நிமிஷத்துக்குத்தான் என்பது எழுதாத ஒப்பந்தம்.

ஒரு மழைக்காலத்தில் கோவிந்தன் வீட்டுக் கூரை ஒழுகி, தறியில் இருந்த அட்டைகளே நனைந்துவிட்டன. கயிற்றை அறுத்து, அட்டைகளை அதே மாடத்தில் காயவைத்தார். அந்த நேரம் பார்த்து ஓரிக்கையில் அவருடைய மாமனார் இறந்துபோன செய்தி வந்தது. குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது மாடம் காலியாக இருந்தது. வீடு மட்டும் அழகாகிவிட்டிருந்தது. என் வீட்டில் கடிதம் செருகும் பை. எதிர்ப் போர்ஷனில் விளக்குக்கு நீல நிறக் கூடு. மற்றவர்களுக்கு விசிறி, சீப்பு வைக்கும் கூடை, காலண்டர் தாள் ஒட்டிய சாமி மண்டபம்.

கோவிந்தன் பம்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாளன்னிக்கு மொதலாளி ஆளு வரான்யா. கல்யாணச் சேல. ரெண்டு மொழம் பாக்கி இருக்குது. சேல இல்லேனா பெட்டியக் கழட்டிக்கினு போயிடுவேன்னு போன மாசமே சொல்லிட்டான். பெட்டி போச்சுனா தறி வெறும் கட்டதான். அதையும் நீயே எடுத்துக்கினு போ. எதுனா ஒட்டு."

அஞ்சு நிமிஷத்தின் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மெல்ல எழுந்து, ஒரு அண்டாவில் தண்ணீர் பிடித்து முற்றத்தில் வைத்தார். பிறகு வீடு வீடாகப் போய் தான் கொடுத்ததைத் தானே திருப்பிக் கேட்டார். விளக்குக் கூடு, விசிறி, மண்டபம் எல்லாம் அண்டாவில் இறங்கின. இறங்கியவுடனே பிரிந்தன. எந்த அட்டையும் கிழியவில்லை, எதிலும் புதுத் துளை இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவருடைய வேலை உண்மையிலேயே அஞ்சு நிமிஷத்தில் முடிந்தது.

ஆனால் அட்டைகளில் மையால் எழுதியிருந்த வரிசை எண்கள் பசையோடு கரைந்து போயிருந்தன. கோவிந்தன் ஒவ்வொரு அட்டையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து முற்றத்தில் அடுக்கினார். பக்கத்தில் பக்கத்தில் வைக்க வைக்க, துளைகள் சேர்ந்து ஓர் அன்னம் மெல்ல உருவாயிற்று. முதலில் வால், பிறகு சிறகு, பிறகு வளைந்த கழுத்து. வேடிக்கை பார்த்த எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அன்னத்துக்கு அலகு வரவில்லை.

"நூத்திருபது இருந்தது" என்றேன். பம்படியில் என் முறைக்குக் காத்திருந்தபோது எண்ணியிருந்தேன். கீழே கிடந்தவற்றையும் எண்ணினேன். "நாலு குறையுது."

அஞ்சு நிமிஷம் தலையில் கைவைத்துக்கொண்டார். "வேலூர் வண்டி டிரைவருக்குக் குடுத்துட்டேன் சார். காலைல மூஞ்சில வெயில் அடிக்குதுன்னான். கண்ணாடிக்கு மறைப்பு செஞ்சு ஒட்டி வுட்டேன்."

பஸ் ஸ்டாண்டுக்கு மூவரும் போனோம். அன்று அவருக்கு விடுப்பு. அவருடைய ஸ்டூலில் வேறொரு இளைஞன் உட்கார்ந்திருந்தான்.

"வேலூரு வண்டி எப்போ வரும்பா?"

"அஞ்சு நிமிஷம்ணா" என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

அஞ்சு நிமிஷம் அவனையே சற்று நேரம் பார்த்தார். பிறகு தூணோரம் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். அதே பதில். இருட்டும்வரை எத்தனை தடவை கேட்டார் என்று எண்ணி வைத்திருக்கிறேன். எழுதினால் நம்ப மாட்டீர்கள். கடைசியில் அஞ்சு நிமிஷம் என் பக்கம் திரும்பி, "இத்தினி வருசமா ஜனங்க எப்பிடி சார் என்னிய அடிக்காம வுட்டாங்க?" என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

விளக்குப் போட்டபின் வண்டி வந்தது. முன் கண்ணாடியில் மறைப்பு இல்லை. நான் கோவிந்தன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதுவாண்ணா? வாலாஜா தாண்டறதுக்குள்ள பிச்சுக்கினு மடில வுழுந்துச்சு" என்றார் டிரைவர்.

"தூக்கிப் போட்டுட்டியா?"

"நீங்க செஞ்சதாச்சே, எப்பிடிப் போடறது? சீட்டுக்கு அடில இருக்குது பாருங்க."

நாலும் இருந்தன. கொஞ்சம் எண்ணெய் பட்டிருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அட்டைகளைக் கோக்க அஞ்சு நிமிஷமும் உட்கார்ந்தார். கோவிந்தன் கயிற்றின் ஒரு முனையை அவரிடம் நீட்டினார். மறுநாள் காலையில் பக்கத்துச் சுவர் அதிர ஆரம்பித்தது. அந்தத் தறிச் சத்தத்தைப் பற்றி நான் வீட்டுக்காரரிடம் மூன்று முறை புகார் சொன்னவன். அன்று சொல்லவில்லை. முதலாளியின் ஆள் வந்தான், சேலையை வாங்கிக்கொண்டான், பெட்டி தறியிலேயே இருந்தது.

அந்த வாரமே வீட்டில் ஒரு சட்டம் வந்தது. கோவிந்தனின் மனைவி அரக்கு நிறப் பட்டு நூல் துண்டுகளை எல்லாக் குடித்தனத்துக்கும் கொடுத்தாள். இன்னும் தேவைப்படும் பொருள் எதுவோ அதில் ஒரு நூல் கட்ட வேண்டும். நூல் கட்டியதை அஞ்சு நிமிஷம் தொடக்கூடாது. நான் குடை, சைக்கிள், ஆபீஸ் பை என்று பதினான்கு பொருளுக்குக் கட்டினேன். நூல் இல்லாத செருப்பு ஒன்று மறுநாளே எலிப்பொறிக்கு அடிப்பலகையாகப் போய்விட்டது.

அவர் மட்டும் அந்த நாட்களில் குரல் இறங்கியே இருந்தார். பசைக் கிண்ணம் காய்ந்து கிடந்தது. ஒரு மாலை ராஜம்மா அக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். எல்லோர் முன்னாலும் ஓர் அரக்கு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இன்னாடி இது?"

"இதுவும் வேணும்னு சொல்லி வெக்கறேன். கைய அசைக்காதீங்க."

கோவிந்தன் உள்ளே போய் ஒரு கட்டு அட்டையைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டார். "இது நெசமாவே வேணாம்பா. எடுத்துக்க. கணக்கு சாரு லெட்டரெல்லாம் தரைல கெடக்குது."

அன்று செய்து தந்த கடிதப் பை, மூன்று வீடு மாறி இன்னும் என்னிடம் இருக்கிறது. பத்தொன்பது தடவை பிரிந்து விழுந்து, பத்தொன்பது தடவை மைதா காய்ச்சி ஒட்டியிருக்கிறேன். இப்போது எனக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை.

போன வாரம் வீடு ஒழிக்கும்போது மருமகள் அதைக் கையில் எடுத்தாள். "மாமா, இதுல ஏதோ நூல் சுத்தியிருக்கு. இது வேணுமா?"

"அங்கேயே மாட்டும்மா" என்றேன். "அது வேலையில் இருக்குது."