முக்காலியாகிப் போன பால்பல்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே ஒரு பல்லைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் அத்தானும், திங்கட்கிழமை கோபித்துக்கொண்டு வந்து சேர்ந்த என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவள் உன்னிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் என் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும். நேரில் வர முகமில்லாமல் இதை என் வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மகளின் பல் மருத்துவப் படிப்பில் மெழுகைச் செதுக்கிப் பல் செய்து காட்ட வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். ஏற்கெனவே இரண்டைப் பேராசிரியை அளந்து பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவதைப் பதினொரு நாள் செதுக்கி, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். பார்த்துத் தொலைத்தேன். மூன்று கால், ஆளுக்கொரு திசையில் அகட்டிக்கொண்டு நிற்கிறது, ஒன்று மட்டும் நீளம், இடுப்பில் ஒரு பக்கம் புடைப்பு, மேல்பலகை முழுக்க மேடும் பள்ளமும், முப்பது வருஷமாக முக்காலி செய்கிறவன் நான், ஆடுகிற முக்காலி ஒன்றுகூட என் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை, பெற்ற பெண் இப்படி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திட்டு வாங்குவதா என்று மனசு கேட்கவில்லை, பாவம், பிள்ளைக்குக் கை வரவில்லை, சொன்னால் நோகும், சத்தமில்லாமல் சரிபண்ணி வைப்போம் என்று கத்தியைச் சூடாக்கிக் கால்களை நேராக்கி, ஒரே அளவாக நறுக்கி, புடைப்பைச் சீவி, மேலே உப்புத்தாள் போட்டு, ரசமட்டமும் வைத்துப் பார்த்துவிட்டேன். இம்மியும் ஆடவில்லை அக்கா!

தலை துவட்டிக்கொண்டு வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படி நிக்குது பாத்தியா?" என்றேன், பெருமையாக.

"இது நிக்கவே கூடாதுப்பா. மேல்தாடைக் கடைவாய்ப் பல்லு. கால் மேல இருக்கும், தலை கீழ தொங்கும்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குரல் உடைந்துவிட்டது. "சின்னப் பிள்ளைங்க பால்பல்லுப்பா இது. அந்தக் கால் நடுவுலதான் பின்னாடி வரப்போற பல்லு வளரும். அதுக்கு இடம் விடத்தான் அகட்டிக்கிட்டு இருக்கு. அது வளர வளர இந்தக் கால் தானா கரைஞ்சு போயிடும். நீ இடமே இல்லாம ஒட்ட வச்சிட்டியேப்பா."

பையை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "உங்க கை சும்மாவே இருக்காதா?" என்று என் வீட்டுக்காரி அன்றிலிருந்து கேட்டதையே கேட்கிறாள். மகள் விட்டுப்போன புத்தகத்தைப் புரட்டினேன். கன்னத்துப் பக்கம் ஒரு வேர், அண்ணத்துப் பக்கம் இரண்டு. நான் சீவியெறிந்த புடைப்பு கழுத்தருகே கட்டாயம் இருக்க வேண்டுமாம். ஒரு பால்பல்லுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லாமல் போய்விட்டது அக்கா. பள்ளிக்கூடத்தில் அவள் வரைந்த படங்களுக்கும் நான்தான் கோட்டை நேராக்கிக் கொடுத்தேன். அவளாக ஒன்றைச் செய்து முடிக்க ஒருநாளும் விட்டதில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவளை வரச் சொல். பட்டறையில் நல்ல வெளிச்சம் விழுகிற பலகையை அவளுக்கென்று காலிசெய்து வைத்திருக்கிறேன். இனி அவள் வேலையைத் தொடமாட்டேன், திரும்பிப் பார்க்கவும் மாட்டேன். சத்தியம்.

அத்தானின் முதுகுவலிக்கும் உன் பொறுமைக்கும் என் வணக்கங்கள். உன் பேரப்பிள்ளைகளின் பால்பற்கள் உரிய காலத்தில் விழுந்து முளைக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையில் போடுவதற்குள் மகளே வந்து நின்றாள், உன் வீட்டில் ராப்பகலாகச் செதுக்கிய புதுப் பல்லோடு. கடிதத்தைப் பிடுங்கிப் படித்து, கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று என்று பென்சிலால் அடித்துத் திருத்தினாள். "அடுத்தவங்க வேலையில கை வைக்கலாமாம்மா?" என்றேன். சிரித்துவிட்டாள். அதனால் மேலே எழுதிய எதுவும் இனித் தேவையில்லை. இப்போது குளிக்கப் போயிருக்கிறாள். பல்லை என் கண்ணெதிரே அதே மேசையில்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். புடைப்பு கொஞ்சம் கூடுதலோ என்று படுகிறது. அக்கா, நீ உடனே கிளம்பி வா.