செல்லாத கல்யாணத்துக்கு நான் பேசிய சட்டம்

நான் சட்டம் படித்தவன் இல்லை. சட்டம் படித்தவர்கள் பேசுவதை ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன். படித்தவனைவிட இவனால்தான் ஊருக்கு ஆபத்து அதிகம்.

யுத்தக் காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குப் பெரியகுளம் முன்சீப் கோர்ட்டிலிருந்து செய்தி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் ரசம் ஆறியிருந்தால்கூட "ஆட்சேபணை" என்பேன். (அம்மா ஒரு தடவை கரண்டியைக் காட்டி அதைத் தள்ளுபடி செய்தாள்.)

அப்போதுதான் என் பெரியப்பா மகள் பவளத்துக்குக் கல்யாணம் நடந்தது.

பெண் பார்க்க ஜெயமங்கலத்திலிருந்து கம்பத்துக்கு வந்தவருக்குச் சுருட்டை முடி, வயது இருபத்தைந்து இருக்கும். இரண்டு தட்டுப் பணியாரம் சாப்பிட்டார். பவளம் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சரி என்றாள். நானும் கூடவே இருந்தேன்.

கல்யாணம் ஜெயமங்கலத்தில், மாப்பிள்ளை வீட்டில். மணையில் இருந்தவருக்குப் புருவம் வரைக்கும் தலைப்பாகை, மோவாய் வரைக்கும் மாலை. நான் மூன்று முழத் தூரத்தில் குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். வாழை மரம் பன்னிரண்டு, நாயனம் இரண்டு, தவில் ஒன்று என்று எழுதிக்கொண்டேன். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

பந்தியில் பெரியப்பாவின் இலைக்கு ரசம் ஊற்ற வந்தார் அந்தச் சுருட்டை முடிக்காரர்.

"மாப்பிள்ளை, நீங்க ஏன் பரிமாறுறீக?" என்றார் பெரியப்பா பதறிப்போய்.

"நான் தம்பிங்க. மாப்பிள்ளை எங்கண்ணன்ல."

ரசம் இலையைத் தாண்டிப் பெரியப்பாவின் வேட்டிக்கு ஓடியது. மணையில் இருந்தவர் வியர்வை துடைக்கத் தலைப்பாகையைக் கழற்றினார். நாற்பது வயது. முன் தலையில் முடியே இல்லை. பெயர் பெருமாள். மூத்தவருக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. மூத்தவருக்கு ஆகாமல் இளையவருக்குச் செய்ய முடியாது. அவர்களுடைய தாய்மாமன் கண்டுபிடித்த வழி இது.

பவளம் எழுந்து போய் எங்கள் மாட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "நான் சரின்னு சொன்னது ரசம் ஊத்துறவருக்கு. மத்தவுகளுக்கு இல்லை," என்றாள். அப்படியானால் தம்பியையே கட்டிக்கொள் என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். "ஏமாத்திப் பணியாரம் தின்ன மூஞ்சியா? வேண்டவே வேண்டாம்," என்றாள். வண்டி கம்பத்துக்குத் திரும்பியது.

தாலி மட்டும் கழுத்தில் இருந்தது. அது இருக்கும்வரை அவள் பெருமாளின் மனைவி. ஜெயமங்கலத்துக்காரர்கள் நாளைக்கே வந்து அழைத்தால் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள்.

"நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றேன். (இந்த இரண்டு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

பெரியகுளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் போனேன். வெற்றிலையை மென்றுகொண்டே பொறுமையாகச் சொன்னார். "நடந்து முடிந்த கல்யாணத்தை முறிக்க நம் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அது தொடக்கத்திலேயே கல்யாணம் ஆகவில்லை, செல்லாது என்று கோர்ட் சொல்லலாம். கட்டக்கூடாத உறவாக இருக்க வேண்டும். அல்லது ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். அல்லது நடக்க வேண்டிய சடங்கு நடக்காமல் இருக்க வேண்டும். உங்களுடையது ஆள் மாறாட்டம், நல்ல வழக்குத்தான். ஆனால் சம்மன், சாட்சி, வாய்தா, மதுரைக்கு அப்பீல் என்று பெண்ணுக்கு முடி நரைத்துவிடும். உங்கள் சாதியில் பஞ்சாயத்தில் தீர்த்துவிடும் பழக்கம் உண்டு அல்லவா? அதைக் கோர்ட்டும் ஒப்புக்கொள்ளும். அங்கே போய் ஏமாற்றினார்கள் என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள்."

நான் வேகமாகக் குறித்துக்கொண்டிருந்தேன். வாசல்வரை வந்தபின் இன்னொன்றும் சொன்னார்: "எந்தச் சடங்கு வேண்டும் என்பதை அவரவர் சாதி வழக்கம்தான் முடிவு செய்யும்." அதற்குள் பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

தேனியில் ஒரு புளியந்தோப்பில் பஞ்சாயத்து கூடியது. கம்பத்திலிருந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸில் போனோம். மேட்டில் இறங்கித் தள்ளினோம். தள்ளும்போதும் என் பேச்சை ஒத்திகை பார்த்தேன்.

அங்கே வேலை பாதி முடிந்திருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி புருசன் ஒரு துரும்பைக் கிள்ளி மாமனார் கையில் கொடுத்தால் உறவு தீர்ந்தது. பெருமாள் நல்ல மனுசன். "பொண்ணு என்னையப் பாத்துத்தான் சம்மதிச்சதா மாமன் சொன்னாரு. எனக்குத் தெரியாது சாமி," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுக் கையில் வைக்கோல் துரும்போடு நின்றார். பெரியப்பா கையை நீட்டிவிட்டார்.

"நிறுத்துங்கள்!" என்றேன்.

என் எண்ணம் கெட்டதில்லை. துரும்பு வாங்கினால் கல்யாணம் நடந்து முறிந்ததாக ஆகும். செல்லாது என்று சொல்ல வைத்துவிட்டால் கல்யாணமே நடக்கவில்லை. பவளம் கன்னிப்பெண்ணாக வீடு திரும்புவாள். ஏமாற்றினார்கள் என்பதையாவது சொல்லியிருக்கலாம். அது எனக்குச் சப்பென்று இருந்தது. சடங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைத்ததோடு சரி. முடிச்சுப் போட்டது யார்? மாப்பிள்ளையின் தங்கை அங்கம்மா. கட்ட வேண்டியவர் கட்டாத தாலி சட்டப்படி தாலியே இல்லை. ஆகவே இந்தக் கல்யாணம் செல்லாது!"

தோப்பில் காக்காய்கூடக் கத்தவில்லை. சட்டத்தின் கனம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்போது பெண்கள் பக்கமிருந்து என் அம்மாவின் குரல் வந்தது.

"ஏலே, எனக்கு முடிச்சுப் போட்டது யாருன்னு உங்க அத்தைகிட்டக் கேளு."

எங்கள் சனத்தில் எல்லாத் தாலிக்கும் நாத்தனார்தான் முடிச்சுப் போடுவாள். அங்கே இருந்த அத்தனை கல்யாணத்தையும் ஒரே மூச்சில் செல்லாததாக்கிவிட்டேன், நான் பிறந்ததற்குக் காரணமான கல்யாணம் உட்பட.

"அப்ப நாப்பது வருசமா நான் பயந்ததெல்லாம் சும்மாவா?" என்றார் ஒரு கிழவர்.

"சும்மாதான்யா. இன்னைக்கு நீயே உலை வச்சுக்க," என்றாள் அவர் மனைவி.

தோப்பே சிரித்தது. பஞ்சாயத்துத் தலைவரான பெரியதனக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பெருமாளின் தாய்மாமன் சமயம் பார்த்து எழுந்தார். "தம்பி சொல்றது நல்ல பாயிண்டு. செல்லாத கல்யாணத்துக்கு எம்மருமகன் எதுக்குத் துரும்பு கொடுக்கணும்? கொடுத்தாக் குத்தத்தை ஒத்துக்கிட்டதா ஆகிப்போகும்." பெருமாளின் கையிலிருந்த துரும்பைப் பிடுங்கிக் கீழே போட்டார்.

பெரியதனக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "இது ஒரு பொண்ணு விவகாரமா இல்லை இப்ப. வழக்கத்தையே கேக்குறாக. எல்லா ஊர்ப் பெரியவுகளும் கூடித்தான் பேசணும். அறுப்பு முடிஞ்சு பாப்போம்."

அறுப்புக்கு நாலு மாதம் இருந்தது.

பவளத்தின் முகத்தைப் பார்த்தேன். "அண்ணே, தீந்த கல்யாணமோ செல்லாத கல்யாணமோ, பேரு என்னவா இருந்தா எனக்கென்ன? விட்டாப் போதும்னுதானே வந்தேன்," என்றாள் மெதுவாக. பிறகு நேரே அங்கம்மாவிடம் போய் நின்றாள்.

"மதினி, நீங்கதானே முடிச்சுப் போட்டீக. எனக்குக் காட்டுன ஆளு வேறன்னு அப்பத் தெரியுமா உங்களுக்கு?"

அங்கம்மா தரையைப் பார்த்தாள். "தெரியும் ஆத்தா. மணையில நீ உக்காந்தப்புறம்தான் எங்க மாமன் காதுல சொன்னாரு. எம்மனசு கேக்கலை. ரெண்டு முடிச்சுப் போட்டேன். மூணாவதுக்குக் கைய மட்டும் அசைச்சேன்."

பெரியதனக்காரர் திரும்பி உட்கார்ந்தார். இரண்டு பெண்கள் பவளத்தின் பிடரியில் மஞ்சள் கயிற்றைத் தடவிப் பார்த்தார்கள்.

"ரெண்டுதான் இருக்கு."

"நாத்தனா மூணு முடிச்சுப் போட்டாத்தான் கல்யாணம். இதுதான் நம்ம வழக்கம்," என்றார் பெரியதனக்காரர். "இது முடியாத கல்யாணம். அங்கம்மா, நீயே அவுத்துரு."

அங்கம்மா அவிழ்த்தாள். பெருமாள் பெருமூச்சு விட்டார், அவருக்கும் நிம்மதிதான். நான் கேட்ட தீர்ப்பே கிடைத்தது: செல்லாது. சடங்குக் குறைவு. என் வாதத்துக்கும் அதற்கும் மட்டும் சம்பந்தமில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை நாளாக இதை ஏன் சொல்லவில்லை?" என்று அங்கம்மாவிடம் கேட்டேன்.

"என்னைய யாரு கேட்டாக? நீங்க வக்கீலைத்தானே கேட்டீக."

முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் என் கட்டுரையை இவ்வளவு சுருக்கமாக யாரும் வெட்டியதில்லை.

பவளத்தை மறுவருடம் கூடலூர்ப் பக்கம் கொடுத்தோம். பெண் பார்க்க வந்தபோது, "மாப்பிள்ளைக்கு அண்ணன் தம்பி இருந்தா வரிசையா நிக்கச் சொல்லுங்க," என்றாள். நின்றார்கள். முகூர்த்தத்தில் நாத்தனார் முடிச்சுப் போடப் போட எங்கள் ஆட்கள் உரக்க எண்ணினார்கள்: "ஒண்ணு! ரெண்டு! மூணு!"

அன்றிலிருந்து எங்கள் குடும்பக் கல்யாணம் எல்லாவற்றிலும் எண்ணுகிறார்கள். மூன்று என்றதும் மேளம் கொட்டிவிட முடியாது. எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் எழுந்து "செல்லும்!" என்று சொன்ன பிறகுதான் கெட்டிமேளம். என் கல்யாணத்தில்கூட மணையில் இருந்தபடி நானே சொன்னேன். இளசுகள் இதை முன்னோர் காலத்துச் சடங்கு என்று நினைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் பவளத்தின் மகளிடம், இது எத்தனை தலைமுறை வழக்கம் என்று பயபக்தியோடு கேட்டார். "ரொம்பப் பழசுங்க," என்றாள் அவள்.

அந்தக் கல்யாணத்தில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. எண்ணி முடித்தார்கள். எழுந்து வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. தவில்காரர் குச்சியைத் தூக்கியபடி நிற்கிறார். சம்பந்தி வீட்டார் முகம் வெளுக்கிறது. முகூர்த்தம் நழுவுகிறது.

பின் வரிசையிலிருந்து பவளம் கத்தினாள்:

"அதெல்லாம் செல்லும்யா! நீ அடி!"