பொருள்: பீர் விற்பனை குறைந்தமை குறித்து

கனடாவின் கிழக்கோரத்தில் கிளென்பார் என்றொரு துறைமுக ஊர். அங்கே ஊரார் குடிக்கும் பொறுப்பை அரசாங்கமே பெரிய மனதுடன் ஏற்றுக்கொண்டு பல காலம் ஆகிறது. அரசு மதுக்கடையின் மேலாளர் லார்ன் கத்ரி, இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூடக் கடையைத் தாமதமாகத் திறக்காத உத்தமர்.

பிறகு கஞ்சாவுக்கும் சட்டம் வழிவிட்டது. அதையும் அரசாங்கமே விற்றது. அதே கட்டடத்தில், சுவருக்கு அந்தப் பக்கம். சுவரில் ஒரு கதவு உண்டு. ஒரு வியாபாரம் இன்னொன்றைப் பாதிக்கக் கூடாது என்ற உயரிய நோக்கத்துடன் அதைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். வாடிக்கையாளர்களுக்கு அந்த நோக்கம் புரியவில்லை. பாவிகள், பனியில் பத்தடி சுற்றி நடந்து போய்விட்டார்கள்.

மார்ச் மாதம் லார்னுக்குக் கடிதம் வந்தது. 'பீர் விற்பனை பதினொரு சதவீதம் வீழ்ச்சியுற்றமை வருந்தத்தக்கது. புதன்கிழமை ஆய்வின்போது தக்க விளக்கம் அளிக்கத் தவறினால், தாங்கள் காரிபூ முனைக்கு மாற்றப்படுவீர்கள்.'

காரிபூ முனை வடகோடியில் இருக்கிறது. எட்டு மாதம் பனி, மிச்சம் நாலு மாதம் கொசு. லார்ன் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

"போறதுன்னா நீ போய்யா," என்றாள் மனைவி மார்லீன். "ஐஸ் மேல கல்லுத் தள்ளி விளையாடுற என் கர்லிங் குழுவை விட்டுட்டு நான் வரமாட்டேன்."

லார்ன் பூட்ஸை மாட்டிக்கொண்டு, சுவரைச் சுற்றிப் போய், கஞ்சாக்கடை மேலாளர் ஆர்டித் கோமோவிடம் பொங்கினார்.

"ஏம்மா, உன்னால என் பொழப்பே போகுது! வாராவாரம் ரெண்டு பெட்டி பீர் வாங்கின ஆளுங்க, இப்ப உன்னோட கஞ்சா மிட்டாயைத் தின்னுட்டு வீட்ல சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கானுங்க!"

"சாரிண்ணே. ஆனா எனக்கும் கடுதாசி வந்திருக்கே. விற்பனையை இன்னும் ஏத்தலேன்னா என்னையும் காரிபூ முனைக்குத்தான் அனுப்புவாங்களாம்."

இரண்டு கடிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே கையெழுத்து: வெண்டல் பைக், இயக்குநர்.

புதன்கிழமை பைக் வந்தார். லார்னும் ஆர்டித்தும் சேர்ந்தே காத்திருந்தார்கள். கையில் மூன்று கோப்புகள்.

"ஐயா," என்றார் லார்ன், "எங்க ரெண்டு பேருக்கும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. இவங்க வித்தா என்னுது குறையுது. நாங்க என்னதான் பண்றது?"

"சாரி. திங்கட்கிழமை நான் மதுத்துறை. பீர் குறைஞ்சதுல அன்னிக்கு மனசே உடைஞ்சு போச்சு. செவ்வாய்க்கிழமை கஞ்சாத்துறை. அன்னிக்கு ஒரே சந்தோஷம்."

"ரெண்டும் நீங்கதானேய்யா? உங்களுக்குள்ள பேசிக்கக் கூடாதா?"

"துறைக்குத் துறை கடிதம் மூலமாத்தான் பேசணும். எனக்கு நான் எழுதியிருக்கேன். பதில்தான் இன்னும் வரல."

"அப்ப இன்னிக்கு?"

"இன்னிக்கு நான் போதை ஒழிப்புத்துறை." மூன்றாவது கோப்பை விரித்ததும் பைக்கின் முகம் மலர்ந்துவிட்டது. "கத்ரி! பதினொரு சதவீதம் குடியைக் குறைச்சிருக்கீங்க! இது மகத்தான சாதனை!" எழுந்து நின்று கை குலுக்கினார். ஆர்டித்தைப் பார்த்து, "நீங்க வெட்கப்படணும்மா," என்றார்.

லார்னுக்கு நிம்மதியில் கண்ணே கலங்கிவிட்டது. "அப்ப நான் இங்கயே இருக்கலாமா ஐயா?"

"இங்கயா? சாதனையாளரை இங்க வீணடிக்கறதா? உங்களுக்குப் பதவி உயர்வு! குடியே கதின்னு கிடக்கிற ஊர் ஒண்ணு உங்களுக்காகக் காத்திருக்கு."

"எந்த ஊருங்க?"

"காரிபூ முனை."

ஆர்டித்துக்கும் அதே ஊர், அவளுக்குத் தண்டனையாக. இரண்டு பேரும் பெட்டி படுக்கையோடு ஒரே காரில் போனார்கள். அவர்கள் இடத்துக்கு ஆள் போடும் கோப்பு பைக்கிடமிருந்து பைக்குக்குப் போய்க்கொண்டிருந்ததால், இரண்டு கடையும் பூட்டிக் கிடந்தன. கிளென்பாரில் பீரும் பூஜ்யம், கஞ்சாவும் பூஜ்யம்.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, போதையே இல்லாத முன்மாதிரி ஊர் என்று பாராட்டுப் பலகை கொடுக்கப் பைக் நேரில் வந்தார். பெருமை தாங்காமல் ஊரே திரண்டு கைதட்டியது. ஊர் சார்பில் பலகையை வாங்கிக்கொண்ட மார்லீன், பூட்டிய கடைகளை ஒருமுறை பார்த்தாள்.

"எல்லாம் சரிங்க. இதைக் கொண்டாட ஊருக்குள்ள ஒரு சொட்டு இல்லையே?"

"சாரிம்மா," என்றார் பைக். "அதுக்கு நீங்க திங்கட்கிழமை வரணும்."